உள்ளே இருந்து வந்த கேள்வி

சைபர்ஜெயாவில் ஒரு பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்ட பெண் முன்பு என்னிடம் வேலை பார்த்தவள். நான் போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. திரையில் பெரிய எழுத்தில் 'சர்வர் சைட் ரிக்வெஸ்ட் ஃபோர்ஜரி' என்று போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். வெளியே இருப்பவனால் கம்பெனியின் உள் மெஷினைத் தொட முடியாது. ஆனால் கம்பெனியின் வெப்சைட் ஓடும் சர்வரால் தொட முடியும். அந்த சர்வரிடம் ஒரு முகவரியைக் கொடுத்து 'அங்கே இருப்பதை எடுத்துக்கொண்டு வா' என்று சொல்ல ஒரு வழி இருந்துவிட்டால் போதும். அது போய் எடுத்துவந்து வெளியே இருப்பவன் கையில் கொடுத்துவிடும். அது உள் மெஷினா வெளி மெஷினா என்று யோசிக்காது.

இதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரியும். அதன் விளைவை மட்டும் தொண்ணூறுகளின் கடைசியிலேயே கிள்ளானில் பார்த்திருக்கிறேன். வகுப்பில் அதைச் சொன்னேன். எழுதித் தரும்படி கேட்டார்கள்.

பள்ளி முடித்ததும் கோலாலம்பூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்கால் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். எண்பதுகளில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். டேப் மாற்றினேன், பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுத்தேன், பிறகு புரோகிராம் எழுதினேன். இணையம் வந்தபோது எனக்கு நாற்பதுக்கு மேல். அந்த வயதில் வேலை மாறுவது சரியில்லை என்று வீட்டில் சொன்னார்கள். மாறினேன்.

மாறிப்போன இடம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடி. கீழே கண் பார்வையற்றவர்கள் நடத்திய மசாஜ் கடை. பக்கத்தில் பெரிய ஸ்டேஷனுக்காக மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசி ஜன்னலை மூடினாலும் சர்வர் அறைக்குள் வந்துவிடும். எங்கள் வேலை பிற கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்துகொடுப்பது, அது ஓடும் சர்வரைப் பார்த்துக்கொள்வது.

கம்பெனியின் முதலாளி அருணாசலம். லெபோ அம்பாங் தெருவில் கிட்டங்கி என்னும் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார் குடும்பம். பெரியப்பாமார்கள் வட்டித் தொழிலில் இருக்க, இவர் மட்டும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து வேறு கடை திறந்தார். உயரமான மனிதர், குரல் மட்டும் சிறியது. ஒரு பிரச்சினை என்றால் தன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்க மாட்டார். வந்தவர்களுக்குப் போட்டிருக்கும் ஸ்டூலை இழுத்துக்கொண்டு நம் பக்கத்தில் வந்து உட்காருவார். நாம் பார்க்கும் திரையையே பார்ப்பார். "யாரு செஞ்சா?" என்று கேட்டு நான் கேட்டதில்லை. "இது எங்க இருந்து வந்துச்சு?" என்பார்.

அவர் வைத்திருந்த நடைமுறை ஒன்று உண்டு. சர்வரில் எதையும் மாற்றுவதற்கு முன் வாயால் சொல்ல வேண்டும். நாம் சொல்வதைக் கேட்டுவிட்டு அவர் திருப்பிச் சொல்வார். அவர் தப்பாகத் திருப்பிச் சொன்னால் நாம் சொன்னதில் கோளாறு என்று அர்த்தம். மறுபடி சொல்ல வேண்டும். அவர் சரியாகச் சொன்ன பிறகுதான் விரலைக் கீபோர்டில் வைக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர்களில் சிலர் இதற்காகவே ஓடிப்போனார்கள். எனக்குப் பிடித்திருந்தது. எக்ஸ்சேஞ்சில் நம்பரைத் திருப்பிச் சொல்லாமல் லைன் போட்டதில்லை.

என்னோடு சர்வரைப் பார்த்துக்கொண்டவர் சலீம். முப்பது வயது இருக்கும். அவர் அத்தா கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். மகன் கடைக்கு வராமல் 'வயரோடு' போய்விட்டான் என்று அவருக்கு மனக்குறை. சலீம் அதிகம் பேசமாட்டார். கேபிள்களுக்கு நிறம் நிறமாகத் துணி நூல் கட்டி அடையாளம் வைப்பார். அது மட்டும்தான் அவரிடம் கடையின் சாயல்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரியது கிள்ளானில் இருந்த ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை லேப். சுற்றுவட்டாரத்து கிளினிக்குகள் அவர்களுக்கு ரத்தம் அனுப்பும். லேப்புக்குள் ஒரு மெஷினில் எல்லா நோயாளிகளின் முடிவுகளும் இருந்தன. ஊழியர்கள் நோயாளியின் நம்பரை அடித்தால் முடிவு திரையில் வரும், பிரிண்ட் எடுத்துக்கொள்வார்கள். அந்த மெஷினுக்கு பாஸ்வேர்ட் கிடையாது. வெளியிலிருந்து யாராலும் அதை எட்ட முடியாது, உள்ளே இருப்பவர்கள் நம்மவர்கள், எதற்கு பாஸ்வேர்ட் என்று லேப்பில் சொன்னார்கள். அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான்.

லேப்பின் வெப்சைட் ஓடிய சர்வரும் அதே கட்டடத்தில் இருந்தது. அதற்கு ஒரு கால் வெளியில், ஒரு கால் உள்ளே. வருங்காலத்தில் டாக்டர்கள் இணையத்திலேயே முடிவுகளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு திட்டம் இருந்ததால் அப்படி வைத்திருந்தோம்.

அந்த வெப்சைட்டில் கிளினிக்குகளுக்கு ஒரு வசதி செய்து கொடுத்திருந்தோம். பல கிளினிக்குகள் வெளிநாட்டில் இலவசமாகக் கிடைத்த இடத்தில் சொந்தப் பக்கம் வைத்திருந்தன. டயல் அப் லைனில் அது திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் ஒரு பெட்டி வைத்தோம். கிளினிக்காரர் தன் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே வந்து, தன் பக்கத்தின் முகவரியை அந்தப் பெட்டியில் அடித்தால், எங்கள் சர்வரே போய் அந்தப் பக்கத்தை எடுத்துவந்து லேப்பின் வெப்சைட்டுக்குள் காட்டும். யோசனை அருணாசலத்துடையது. வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் பிடித்த வசதி அதுதான்.

ஒரு நாள் காலை லேப்பின் மேனேஜர் வோங் போன் செய்தார். உடனே வரச் சொன்னார். நானும் அருணாசலமும் கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயிலைப் பிடித்துக் கிள்ளானுக்குப் போனோம்.

ஒரு பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவு வெளியே போயிருந்தது. அவளுக்கே முடிவு கிடைப்பதற்கு முன்னால், அவளை நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்திருந்தது. வோங் தன் ஆட்களை விசாரித்துவிட்டு, முடிவுகள் இருந்த மெஷினின் பதிவைப் பார்த்திருக்கிறார். எந்த நோயாளியின் முடிவை எந்த மெஷின் கேட்டது என்று அது குறித்து வைக்கும். அந்தப் பெண்ணின் முடிவை லேப் ஊழியர்களின் மெஷின் எதுவும் கேட்பதற்கு முன்னால் எங்கள் வெப் சர்வர் கேட்டிருந்தது.

"மெஷின் தாக் போஹோங் லா," என்றார் வோங். மெஷின் பொய் சொல்லாது.

எங்கள் சர்வரின் பாஸ்வேர்ட் இருவரிடம்தான் இருந்தது. நான் அந்த வாரம் ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். மிச்சம் சலீம். அதோடு சலீமின் மச்சான் கிள்ளானில் கடை வைத்திருந்தார், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பழக்கமானவர். வோங் அதையும் விசாரித்து வைத்திருந்தார். சலீமை வேலையை விட்டு எடுக்க வேண்டும், போலீஸில் புகார் கொடுக்கப்போகிறேன் என்றார்.

அருணாசலம் மறுத்துப் பேசவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் கொடுங்க. அதுவரைக்கும் சலீம் உங்க மெஷின் எதையும் தொடமாட்டார். வெள்ளிக்கிழமை நானே வந்து சொல்றேன், என்னவா இருந்தாலும்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெண் வரவேற்பு மேசையில் நின்றிருந்தாள். பெயர் மாலதி, தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வோங் அவளைத் தனியாகப் பார்த்து அனுப்பிவிட நினைத்தார். அருணாசலம், "எங்க சர்வர் சம்பந்தப்பட்டது, நாங்களும் அவங்ககிட்ட பேசணும்," என்று நின்றுவிட்டார்.

மாலதி அழவில்லை. பள்ளியில் ரத்ததானம் நடந்ததாம். இவள் கொடுத்த ரத்தத்தை வேண்டாம் என்று சொல்லி, தனியாகப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில்கூடச் சொல்லாமல் நேராக லேப்புக்கு வந்து ரத்தம் கொடுத்திருக்கிறாள். முடிவு வருவதற்கு முன்பே மாப்பிள்ளையின் அக்கா போன் செய்து, ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பதை மறைத்துக் கல்யாணம் செய்யப் பார்த்தீர்களா என்று இவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

"எனக்கு ஒரு வியாதி இருக்குன்னு என் அம்மாதான் எனக்குச் சொன்னாங்க சார். அம்மாவுக்கு மாப்பிள்ளை வீட்ல சொன்னாங்க. லேப்ல எனக்குச் சொன்னது கடைசியில," என்றாள்.

யார் மேலாவது சந்தேகமா என்று அருணாசலம் கேட்டார். மாப்பிள்ளையின் உறவுக்காரர் ஒருவர் ஒரு கிளினிக்கில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். எந்த கிளினிக் என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் முடிவுத்தாளை எங்களிடம் நீட்டினாள். பரீட்சைத்தாள் திருத்துகிற மாதிரி எல்லா வரியையும் படித்து, புரியாததற்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரிக்கும் கோடு இருந்தது. "இது என்ன மேடம்?" என்று என்னைக் கேட்டாள். "அது ஒண்ணுமில்ல டீச்சர். உள்ள இருக்கிற மெஷினோட முகவரி. பிரிண்ட் எடுத்தா தானா அடியில வந்துரும்," என்றேன். தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் திரும்பியதும் அருணாசலம் சலீமை உட்கார வைத்து நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. சலீம் கேட்டு முடித்துவிட்டு, கிள்ளான் சர்வர் அறையின் சாவியை மேசையில் வைத்தார்.

"அந்தப் பொண்ணு பேரே எனக்கு இப்பத்தான் தெரியும் சார்."

"சரி. வீட்டுக்குப் போங்க. கூப்பிடறேன்."

சலீம் என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்க ஊர்ல இருந்திருந்தா ரெண்டு பேர் மேலயும் சந்தேகம் வந்திருக்கும்ல," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். எங்கள் தொழிலில் ஒருவன் மேல் இப்படி ஒரு பேச்சு வந்துவிட்டால், பிறகு கோலாலம்பூரில் யாரும் அவனிடம் ஒரு பாஸ்வேர்டும் கொடுக்கமாட்டார்கள். போலீஸ் அவனை விட்டாலும் ஊர் விடாது. இது எங்கள் மூவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை அருணாசலம் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பரமேஸ்வரி, யாரு அந்த சர்வர்ல உட்கார்ந்தாங்கன்னு விட்டுருவோம். யாரும் உட்காரலைன்னு வைங்க. அந்த சர்வர் தானா எழுந்து இன்னொரு மெஷின்கிட்ட போய் எதையாவது கேக்குமா? எப்ப எல்லாம் கேக்கும்? சொல்லுங்க."

நான் சொன்னேன். நேரத்தைச் சரிபார்க்க வெளியே ஒரு மெஷினைக் கேட்கும். மெயில் எடுக்கப் போகும். அப்புறம் கிளினிக் பக்கங்களை எடுத்துவரும்.

அவர் திருப்பிச் சொன்னார். "நேரம் கேக்கும். மெயில் கேக்கும். கிளினிக்காரங்க எந்த முகவரியைக் கொடுத்தாலும் அங்க போய்க் கேக்கும்."

"எந்த முகவரியைக் கொடுத்தாலும் இல்ல சார், அவங்க கிளினிக் முகவரி..." என்று ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டேன். அவர் தப்பாகத் திருப்பிச் சொல்லவில்லை. நான்தான் தப்பாகச் சொல்லியிருந்தேன். பெட்டியில் அடிக்கும் முகவரி கிளினிக்குடையதா என்று நாங்கள் எங்கேயும் பார்த்ததில்லை.

"ஆனா வெளியில இருக்கிறவங்களுக்கு உள் மெஷினோட முகவரி எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார்.

அந்தத் தாளின் அடியில் சிவப்புக் கோடு போட்ட வரியைச் சொன்னேன். லேப்பிலிருந்து போகும் எல்லா முடிவுத்தாளிலும் அந்த வரி இருக்கும். முகவரியின் கடைசியில் நோயாளியின் நம்பர். எல்லா கிளினிக்கிலும் அப்படிப்பட்ட தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். நோயாளியின் நம்பர் என்பது அடையாள அட்டை நம்பர்தான், மாப்பிள்ளை வீட்டுக்கு மாலதியுடையது தெரிந்திருக்கும். இரண்டையும் சேர்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

வோங்குக்குப் போன் செய்து, சோதனைக்கென்று ஒரு பொய் நோயாளியை அந்த மெஷினில் சேர்க்கச் சொன்னோம். எங்கள் ஆபீஸ் லைனை விட்டுவிட்டு, வீட்டில் இருப்பவர்கள் மாதிரி மோடம் போட்டு வெளியிலிருந்து உள்ளே வந்தேன். சோதனைக்கு வைத்திருந்த கிளினிக் பாஸ்வேர்டைப் போட்டேன். பெட்டியில் அந்த உள் முகவரியை அடித்தேன், கடைசியில் பொய் நோயாளியின் நம்பர். மோடம் லைன் மெதுவாகத்தான் ஓடியது. முதலில் லேப்பின் பச்சைத் தலைப்பு வந்தது. கீழே கிளினிக்கின் பக்கம் வர வேண்டிய இடத்தில், கட்டம் கட்டமாக ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு வந்து நின்றது.

அருணாசலம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூடுங்க," என்றார்.

"லேப்பைக் கேட்டுட்டு மூடலாமா சார்?"

"மூடிட்டுக் கேப்போம்."

வாயால் சொல்லித் திருப்பிக் கேட்காமல் நாங்கள் ஒரு மாற்றம் செய்தது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அந்தப் பெட்டியை லேப்பிலிருந்து எடுத்தோம். பிறகு அதே வசதி கொடுத்திருந்த மற்ற எல்லா வாடிக்கையாளர்களின் வெப்சைட்டிலிருந்தும் எடுத்தோம். மதியத்துக்குள் போன்கள் வர ஆரம்பித்தன. அவர் எழுந்து நின்று ஒவ்வொரு போனையும் தானே எடுத்து, "எங்க வசதியில ஒரு ஓட்டை. வெளியில இருக்கிறவங்க உங்க உள் மெஷினைப் பார்க்க முடியும். இனிமே அது வராது," என்று சொன்னார். மழுப்பலாம் என்று எங்கள் விற்பனைப் பகுதியில் ஒருவர் சொன்னபோது அவர் அடுத்த போனை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை மறுபடி கிள்ளான். வோங் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. இப்படி நடக்க முடியும் என்பதற்காக இப்படித்தான் நடந்தது என்று ஆகிவிடுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கும் நான் தயாராகப் போயிருந்தேன். முடிவுகள் இருந்த மெஷின் குறிக்கும் பதிவில், கேட்ட மெஷினின் பெயருக்குப் பக்கத்திலேயே, எந்தப் புரோகிராம் கேட்டது என்றும் இருக்கும். மெஷினின் பெயரைக் கண்டதும் எல்லாரும் அங்கேயே நின்றுவிட்டோம். பக்கத்தில் இருந்ததை யாரும் படிக்கவில்லை. வோங் முன்னாலேயே இரண்டு விதமாகவும் கேட்டுக் காட்டினேன். சர்வர் முன்னால் உட்கார்ந்து கேட்டால் ஒரு பெயர் விழுந்தது. வெளியிலிருந்து பெட்டி வழியாகக் கேட்டால் வேறொரு பெயர் விழுந்தது. மாலதியின் முடிவைக் கேட்டது பெட்டியின் பெயர்.

வோங் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சலீமும் வெளியில இருந்து அந்தப் பெட்டி வழியா வந்திருக்கலாமே," என்றார்.

"வந்திருக்கலாம்," என்றார் அருணாசலம். "நானும் வந்திருக்கலாம். பாஸ்வேர்ட் இருக்கிற எந்த கிளினிக்கும் வந்திருக்கலாம். வீட்டுச் சாவி வச்சிருக்கிறவன் ஜன்னல் வழியா ஏன் வரணும்னு நான் கேக்கமாட்டேன். உங்க மெஷின் சலீம்னு சொல்லுச்சுன்னு சொன்னீங்க. அது அப்படிச் சொல்லலை. அவரை மட்டும் தனியாச் சொல்றதுக்கு உங்ககிட்ட இருந்த காரணம் இப்ப இல்ல. மிச்சம் இருக்கிற தப்பு எங்களோடது. அந்தப் பெட்டி என்னோட யோசனை."

வோங் அன்று போலீஸுக்குப் போகவில்லை. மாதக் கடைசியில் எங்கள் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். அதில் எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை. அந்த மெஷினுக்கு அவர் பாஸ்வேர்ட் போட்டது எங்களை அனுப்புவதற்கு முன்பா பின்பா என்று தெரியாது. போட்டார்.

எந்த கிளினிக் என்று கடைசிவரை எங்களால் சொல்ல முடியவில்லை. பெட்டியில் யார் எந்த முகவரியை அடித்தார்கள் என்பதை நாங்கள் குறித்து வைத்ததில்லை. எடுத்துவந்த பக்கம், அடுத்த பக்கம் வந்ததும் அழிந்துவிடும். இதை மாலதியிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அவள் பள்ளிக்கு அருகில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். முழுவதும் கேட்டாள். இடையில் ஒரு முறை நிறுத்தி, "அப்ப அந்த சர்வர், யார் கேட்டாலும் போய் எடுத்துட்டு வந்துருமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"யாருன்னு உங்களுக்குத் தெரியாட்டி பரவாயில்ல மேடம். எனக்குத் தெரியும்."

கல்யாணத்தை அவளே நிறுத்திவிட்டாள். வியாதிக்காக அவர்கள் யோசித்திருந்தால் அது வேறு, தன்னிடம் கேட்டிருக்கலாம், ஒரு டாக்டரிடம் சேர்ந்து போயிருக்கலாம் என்றாள். "கேக்காம எடுத்துப் பார்த்த வீட்டுல நான் எப்படி இருப்பேன்?" என்றாள். சிகிச்சைக்கு எங்கே போவது என்று பேசிக்கொண்டோம். சாப்பாட்டுக்கு அவள்தான் காசு கொடுத்தாள். நான் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அருணாசலத்தின் நடைமுறையில் ஒரு வரி கூடியது. எந்த வசதியைச் செய்தாலும், அது யாருக்காக எங்கே போய்க் கேட்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். வெளியார் கொடுக்கும் முகவரி என்றால், பெயரைப் பார்த்தால் போதாது, அந்தப் பெயர் எந்த மெஷினில் போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சர்வர் நகர வேண்டும். முன்கூட்டி ஒப்புக்கொண்ட இடங்களைத் தவிர வேறு எங்கும் போகக்கூடாது. சைபர்ஜெயா வகுப்பில் அன்று சொல்லிக்கொடுத்ததும் ஏறக்குறைய இதுதான். இப்போது இதற்கு நல்ல கருவிகள் இருக்கின்றன. ஓட்டை மட்டும் அதேதான்.

சலீம் திங்கட்கிழமையே வேலைக்கு வந்தார். அருணாசலம் எல்லார் முன்னாலும் எழுந்துபோய்க் கைகொடுத்தார். சலீம் அதன் பிறகு ஓராண்டு இருந்தார், வேலையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் கிள்ளானில் ஒரு பேச்சு மிச்சம் இருந்தது. 'ஏதோ நடந்துச்சாம், முதலாளி காப்பாத்திட்டாராம்' என்று. அது அவர் அத்தா காது வரைக்கும் போயிற்று. பெரியவருக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது சலீம் மஸ்ஜித் இந்தியா கடைக்குப் போய்விட்டார். அதைக் காரணமாகச் சொன்னார். காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

நான் ஓய்வு பெற்ற வருடம், மருமகளுக்குப் புடவை எடுக்க அந்தக் கடைக்குப் போனேன். கடையில் கூட்டம் இல்லை. சலீம் தேநீர் வரவழைத்தார். தலை நரைத்திருந்தது. பழைய கதைகள் கொஞ்சம் பேசினோம், அருணாசலம் இறந்ததைப் பற்றிப் பேசினோம். பிறகு அவர் ஒரு புடவையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு நீங்க என்னை நம்பினீங்களா?"

நான் யோசித்தேன். ஆமாம் என்று சொல்வது சுலபம். அவர் அதைக் கேட்கத் தகுதியானவரும்கூட.

"இல்ல சலீம். நம்பவும் இல்ல, நம்பாமலும் இல்ல. மெஷின்ல என்ன நடந்துச்சுன்னு மட்டும்தான் பார்த்தேன்."

அவர் புடவையை மடித்து முடித்து, அட்டைப் பெட்டியில் வைத்தார்.

"அதுதான் அக்கா எனக்கு வேணும். நம்பினோம்னு சொன்னவங்க நிறைய பேர். அவங்க நம்பிக்கை ஒரு மாசம் இருந்துச்சு," என்றார். பெட்டியை மூடி என் பக்கம் நகர்த்தினார்.